மூணாம் தண்ணி ஊத்தாத வீடு

அம்மா "இசக்கி" என்று கூப்பிட்டால் "ம்" என்று ஒரு குரல் வருகிறது. அது சின்ன இசக்கியின் குரல் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள், மேலே பலகை மச்சிலிருந்து, அரைத்தூக்கத்தில் சொல்கிற மாதிரி மெல்ல வந்துவிடுகிறது. முதல் நாள் பக்கத்துக் கோலியில், அடுத்த அறை வீட்டில், யாரோ என்று நினைத்தாள். மறுநாள் அம்மாவே சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை. "ம்" மட்டும் வந்தது.

அந்த வீட்டில் இரண்டு இசக்கி. தாராவியில் இதைச் சொன்னால் மராட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர், இளையவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பேர். இரண்டு பேருக்கும் ஒரே பேராக வாய்த்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் வீட்டுக்குள் அந்தப் பேர் பெரியவளுக்குத்தான். இளையவள் வெறும் 'சின்னவ'. பதினாறு வருஷமாக அவளுடைய பேர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும் கிடந்தது. பேர் போகட்டும். புதுத் தாவணி பெரியவளுக்கு, நைந்தது சின்னவளுக்கு. மீனில் நடுத்துண்டு பெரியவளுக்கு, வால் சின்னவளுக்கு. அம்மா கோமதியம்மாளின் மடி எப்போதும் பெரியவளுக்கு. சின்னவளுக்கு வயிறு எரியும். நன்றாகவே எரியும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசியில் பெரியவளுக்கு அம்மை போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பாது என்று அம்மா அவளை மச்சில் ஏற்றி, வேப்பிலை பரப்பி, ஒளித்துப் படுக்கவைத்தாள். யாரோ தகவல் சொல்லி, அம்மை கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற முனிசிபாலிட்டி ஆள் வந்துவிட்டான். பக்கத்துக் கோலி மர்யம் மாமியாகத்தான் இருக்கும், அதுவும் நல்லதற்குத்தான். கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "இசக்கி கோன் ஹை?" என்றான். அம்மா வாயடைத்து நின்றாள். சின்னவள்தான் முன்னால் போனாள்.

"நாந்தான் இசக்கி. எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் அவள் கையையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கொப்புளமும் இல்லை. சீட்டில் எதையோ அடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஒரு நிமிஷம், உலகத்துக்கே ஒரே இசக்கியாக நின்றது அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாலாம் நாள் பெரியவள் போய்விட்டாள்.

தூக்கிக்கொண்டு போனதை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. மறுநாள் காலையில் புது வேப்பிலை ஒடித்துவந்து நிலையில் செருகினாள். அம்மை இறங்கினால் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறவரை வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, யாரும் வரவும் கூடாது. "இன்னும் மூணாம் தண்ணி ஊத்தலயே" என்று சொல்லிவிட்டுக் கூழை எடுத்துக்கொண்டு மச்சில் ஏறினாள்.

அதற்கப்புறம் நாற்பது நாள் ஆகிவிட்டது. கடுகு வெடித்து நாற்பது நாள். சின்னவளின் தலை சிக்குப் பிடித்து நாறியது. அப்பா செல்லப்பாண்டி தோல் ஷாப்பிலேயே படுத்துக்கொண்டார். வாரத்துக்கொரு முறை வந்து வாசலிலேயே நின்று, "அவ போக்குல விடுட்டி, தன்னால சரியாவா" என்று சொல்லிவிட்டு, மச்சை நிமிர்ந்து பார்க்காமலேயே போனார்.

மர்யம் மாமி ஒரு நாள் சந்தில் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ புள்ள, ஒங்கம்மைய தலைக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. கேக்குதா?"

"அப்பாட்ட சொல்லுதேன் மாமி."

"பொறவு, பகல்ல ஒங்க மச்சுல யாரு நடமாடுதா? எங்க கோலி வரைக்கும் தூசி கொட்டுது."

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். அந்த நேரத்தில் அம்மா குழாயடியில் வரிசையில் நிற்பாள் என்பது மாமிக்கும் தெரியும்.

மத்தியானங்கள்தான் மோசம். தகரக் கூரை காய்ந்து முறுமுறுக்கும், சந்தில் ஊறப்போட்ட தோலின் வாடை சுவரைத் தாண்டி வந்து நாக்கில் ஒட்டும், மாஹிம் பக்கம் போகிற ரயிலின் அதிர்வு பாத்திரங்களை ஒன்றோடொன்று மெல்லத் தட்டவைக்கும், இத்தனைக்கும் மேலே, பலகைக்கு மறுபக்கம், காய்ந்த வேப்பிலை மேல் யாரோ புரண்டு படுக்கிற சரசரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா கூழோடு ஏறிப்போனால் கதை சொல்லிச் சிரிப்பாள். கூடவே இன்னொரு சிரிப்பு கேட்கும். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும்.

பயந்தாளா? பயந்தாள். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வந்தது பொறாமை. செத்தும் விட்டுக்கொடுக்கவில்லையே இவள்! உயிரோடு இருக்கிறவள் கீழே பட்டினி கிடக்க, இல்லாதவளுக்கு மேலே ஊட்டல் நடக்கிறது.

ஒரு நாள் தாங்காமல் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, அன்னைக்கு அவன்ட்ட பொய் சொன்னது நாந்தானம்மா. என்னைய அடியேன். திட்டவாவது செய்யேன்."

அம்மா அவளைத் தாண்டி ஏணியைப் பார்த்தாள். "சத்தம் போடாத. இசக்கி ஒறங்குதா."

ஒரு அடியாவது விழுந்திருந்தால் சின்னவள் அதைச் செய்திருக்க மாட்டாள். மறுநாள் விளக்கு வைக்கிற நேரம், அம்மா தண்ணீருக்குப் போனதும், தன் நீலத் தாவணியைக் கழற்றிக் கொடியில் போட்டாள். டிரங்குப் பெட்டியில் இருந்த அக்காவின் மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு மச்சில் ஏறினாள். அங்கே யாரும் இல்லை. பாய், வேப்பிலை, தலையணையில் ஒரு குழி. குழி சூடாக இருந்தது. தகரச் சூடாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதில் தலையை வைத்துப் படுத்தாள்.

அம்மா ஏறி வந்தாள். "இசக்கி."

"ம்" என்றாள் சின்னவள். இந்த முறை அவள்தான் சொன்னாள்.

அம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கூழை விரலால் வழித்து ஊட்டினாள். உப்பில்லாத கூழ், அதுவே தேவாமிர்தமாக இறங்கியது. "அன்னைக்கு வாயத் தொறக்காம நின்னுட்டேனே மக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பானே" என்று அம்மா முதல் முறையாக அழுதாள். கண்ணீர் சின்னவளின் நெற்றியில் விழுந்தது.

"பரவாயில்லம்மா" என்றாள், அக்காவைப் போலவே இழுத்து.

"நாளைக்கு மூணாம் தண்ணி ஊத்திருவோம். ஒறங்கு."

அம்மா இறங்கிப் போனாள். ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் சிரித்துக்கொண்டாள். ஜெயித்தாகிவிட்டது. இனி அம்மா அவளுக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடுகு வெடித்தது.

எண்ணெய் வாசம். கறிவேப்பிலை. வறுத்த மீன். வாயில் எச்சில் ஊறியது. யாருக்குத் தாளிக்கிறாள்? புரண்டு படுத்துப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கீழே சிம்னி விளக்கு. அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடிக்கு முன்னால் ஒரு பெண், முதுகு காட்டி. நீலத் தாவணி. அம்மா அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். மெதுவாக. சிக்கு ஒவ்வொன்றாக. இடையிடையே சோற்றை உருட்டி ஊட்டினாள். நடுத்துண்டு மீனோடு.

"எம்மா!"

கத்தினாள். கரகரவென்று காற்று மட்டும் வந்தது. தொண்டைக்குள் ஏதோ வீங்கியிருந்தது.

"எம்மா, நாந்தான் சின்னவ! மேல இருக்கேன்!"

அம்மா நிமிரவில்லை. "அக்கா மொனங்குதா. நீ சாப்பிடுட்டி. ஒனக்கு ஊட்டுனா அவளுக்கு எப்பவும் பொறாம."

சின்னவள் பலகையைப் பிராண்டினாள். விரல் எரிந்தது. கன்னம் எரிந்தது. இமை கனத்தது. தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழே சீப்பு நின்றது.

அந்தப் பெண் மெல்லத் திரும்பி மேலே பார்த்தாள். அக்காவின் முகம் இல்லை. சின்னவளின் முகம். ஒரு தழும்பும் இல்லாத, எண்ணெய் மினுங்குகிற, அவளுடைய சொந்த முகம். வாய் நிறைய இருந்த சோற்றை நிதானமாக மென்றுகொண்டே, கண் கொட்டாமல், இடுக்கில் இருந்த அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.