பார்க்கும் அனுமதி

திரையில் சகாயவினோத்தின் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் உள்ளே வந்திருக்கிறான் என்று அர்த்தம். அவனும் அவன் விசைப்படகும் காணாமல் போய் நான்கு மாதம் ஆகிறது.

தங்கச்சிமடத்தில் மீனவர் சங்க அலுவலகத்தைப் பூட்டும் நேரம். ஆஸ்லின் மட்டும்தான் இருந்தாள். வெளியே வாடைக்காற்று கருவாட்டு நாற்றத்தையும் டீசல் நாற்றத்தையும் சேர்த்து அள்ளி வந்து ஜன்னல் கதவை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் எப்போதும் கிணுகிணுக்கும் சர்வர் விசிறியின் சத்தம் இன்று தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கம்மிப்போயிருந்தது.

எந்தப் படகு கடலில் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்த சர்வரில் இருக்கிறது. இந்தக் கரையில் பெண்டாட்டி நகையை அடகு வைத்த இடத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள். வலையில் மீன் பட்ட இடத்தைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்லமாட்டார்கள். அதனால் அவரவர் படகை அவரவர் மட்டும் பார்க்கலாம். யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அட்மின் ஆஸ்லின் ஒருத்திதான். சகாயவினோத்தின் கணக்கை அவள் அப்போதே மூடியிருக்க வேண்டும். "மூடிறாதீகக்கா, செத்துட்டாகன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்று அவன் மனைவி அனிட்டா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது மனசு கேட்கவில்லை.

அனிட்டாதான் புருஷன் நினைப்பில் திறந்து பார்க்கிறாள் போலும் என்று ஆஸ்லின் அவளுக்குப் போன் போட்டாள்.

"நான் எப்படிக்கா தொறக்க? பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது. அவுக போனு அவுககூடவே போயிருச்சுல்ல."

போனை வைத்தபோது திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது.

'சகாயவினோத், ஆன்டனி ராஜின் படகு நிற்கும் இடத்தைக் காண அனுமதி கேட்கிறார்.'

ஆன்டனி ராஜ் அவள் கணவன். காலையில் கடலுக்குப் போனவன் நாளை விடிந்துதான் வருவான். மறுத்தாள். மறுபடி கேட்டது. மறுத்தாள். மறுபடியும்.

கணக்கையே மூடப் போனாள்.

'இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை.'

தன் பெயரைத் திறந்து பார்த்தாள். அட்மின் என்று இருந்த இடத்தில் பார்வையாளர் என்று இருந்தது. மாற்றியவர், சகாயவினோத். இப்போது அவன் அனுமதி கேட்கவில்லை.

காணாமல் போன படகு கடைசியாகத் தெரிந்த இடத்தில் ஒரு புள்ளி முளைத்தது. நகர்ந்தது. ஆன்டனி ராஜின் புள்ளியை நோக்கி நேராக.

வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"என்னங்க, எங்கன இருக்கீக? உடனே திரும்புங்க."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "ஒரு போட்டு பக்கத்துல வருது ஆஸ்லின். லைட்டு இல்ல. இஞ்சின் சத்தமும் இல்ல."

"கட்டி இழுக்கக் கயிறு குடுக்காதீக."

"எப்படிக் குடுக்காம இருக்க? நம்ம சகாயவினோத்துடி. உசுரோட இருக்கான். கரைக்கு வழி தெரியலங்குறான்."

"அது அவரில்லங்க."

"கட்டியாச்சு" என்றான் அவன்.

பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின. கரைப் பக்கம் வரவில்லை. ஆழத்துக்குப் போயின. அணைந்தன. அவளால் பார்க்கத்தான் முடிந்தது.

மறுபடி கட்டம்.

'ஆன்டனி ராஜ், ஆஸ்லின் இருக்கும் இடத்தைக் காண அனுமதி கேட்கிறார்.'

இது படகில்லை, அவள் போன்; அவளாகக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கக்கூடாது என்று தெரியும். ஆனால் கேட்பது அவள் புருஷன்.

கொடுத்தாள்.

புள்ளி எரிந்தது. ஆன்டனி ராஜின் புள்ளிதான். கரையைத் தொட்டது. நிற்கவில்லை. மணல். ரோடு. அலுவலக வாசல்.

ஜன்னலைத் திறந்தாள். ரோட்டில் யாருமில்லை. வாசல் கேட் தூணில் ஈரமான நங்கூரக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனை கடற்பக்க இருட்டுக்குள் போனது.

கயிறு இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. அந்தப் பக்கம் அதைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

நிறையக் கைகள்.