பதினேழாம் பீப்பாயில் ஒரு வாய்

கையில் வாங்கிய கண்ணாடிக் கோப்பை வெதுவெதுப்பாக இருந்தது. கல் சுவரும் மண் தரையுமான கிடங்கு அது. வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே போர்வை கேட்கும் குளிர். அங்கே முப்பது வருடமாகக் கிடக்கும் பீப்பாயிலிருந்து இப்போதுதான், அவர் கண்ணெதிரே, குழாய் விட்டு எடுத்த விஸ்கி ஜில்லென்றுதானே இருக்க வேண்டும்? இதுவோ யாரோ வாயில் வைத்திருந்து திருப்பி ஊற்றியது போன்ற சூடு.

"என்ன சார், யோசிக்கிறீங்க?" என்றாள் வடிப்பாளரின் மனைவி.

மதிப்பீட்டாளர் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொழிலில் அவருக்கு 'மூக்கர்' என்று பேர். மோந்து பார்த்தே வயது சொல்வார், எந்த மரத்துப் பீப்பாய் என்று சொல்வார். அவர் தேறும் என்றால் ஏலத்தில் விலை எகிறும். தேறாது என்றால் அந்தப் பீப்பாயை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

இதே பதினேழாம் பீப்பாயைப் பதினெட்டு வருடத்துக்கு முன் தேறாது என்று எழுதியவரும் அவர்தான். ஒரு சொட்டும் வாயில் வைக்காமல் எழுதினார். இப்படியொரு சிங்கிள் மால்ட் விஸ்கி தன் ஆயுளில் எதிர்ப்பட்டதில்லை என்று மோந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அதே ஏலத்தில் மச்சானுடைய பீப்பாயும் நின்றதே, என்ன செய்ய? வடிப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க சார்." இவர் கையை உதறிவிட்டுக் காரில் ஏறினார். அன்றைக்குப் படுத்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

இன்று வந்திருப்பதும் அதே பொய்யைச் சொல்லிவிட்டுப் போகத்தான். நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால், அன்றைக்குச் சொன்னது என்ன என்று நாலு பேர் கேட்பார்கள். நாற்பது வருடம் சம்பாதித்த பேர் ஒரு மதியத்தில் காற்றோடு போய்விடும்.

மோந்தார். முதலில் தேன், பிறகு உலர்ந்த திராட்சை, பிறகு பழைய மரம், எங்கோ தொலைவில் அணைந்துபோன அடுப்பின் புகை. வெட்கங்கெட்ட மூக்கு ஆனந்தப்பட்டது. வழக்கப்படி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் பட்டால்தான் மால்ட் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே விடும். விட்டது. ஈரக் கம்பளி வாசம். மூட்டுவலித் தைலம். புகையிலை ஏறிய மூச்சு. கையைப் பிடித்துக் கெஞ்சியவர் அன்றைக்கு எவ்வளவு கிட்டத்தில் நின்றாரோ, அவ்வளவு கிட்டத்தில்.

கோப்பையை வைத்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது, ஆனாலும் வாய் கூசவில்லை. "தேறாதும்மா. மரம் கெட்டுப்போச்சு."

"அன்னைக்கும் இதேதான், நாக்கு மேல பல்லப் போட்டுச் சொன்னீங்க," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரு, அந்த ஆளு ஒரு வாய் வெக்கட்டும், ஒரே ஒரு வாய்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு. வெச்சுட்டு எழுதுங்க. என்ன எழுதினாலும் நான் வாயத் தொறக்கல." குரலில் கோபம் இல்லை. பதினெட்டு வருடம் மூடிவைத்து ஊறிய ஏதோ ஒன்று இருந்தது. அதற்குக் கோபமே தேவலை என்று அவருக்குப் பட்டது.

ஒரு வாய்தானே. துப்புவதற்குப் பித்தளைச் சட்டி காலடியிலேயே இருக்கிறது. தொழிலுக்கு வந்த நாளாக ஒரு துளியும் அவர் விழுங்கியதில்லை.

வாயில் விட்டு உருட்டினார். அமிர்தம். கண் கலங்கிவிட்டது. இதையா தேறாது என்றோம் என்று முதல் தடவையாக நெஞ்சு வலித்தது.

குனிந்து துப்பினார்.

சட்டியில் எதுவும் விழவில்லை.

மறுபடி துப்பினார். வாய் நிறைந்தே இருந்தது. ஆனால் விஸ்கி இல்லை. கனமாக ஏதோ. சதையாக. அவர் நாக்கின் மேல் இன்னொன்று படுத்திருந்தது.

அது அசைந்தது.

அவசரமே இல்லாமல் அண்ணத்தைத் தடவியது. ஒவ்வொரு பல்லாகத் தொட்டது. ருசி பார்த்தது. விரலை விட்டு இழுத்தார். வழுக்கியது. கடித்தார். வலித்தது அவருடைய நாக்குதான். கதவுப் பக்கம் ஓட நினைத்தார். கால் வரவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் சார் சார் என்றவள், இப்போது புருஷனைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க. எப்படி இருக்கு?"

மதிப்பீட்டாளரின் வாய் தானாகத் திறந்தது. அதிலிருந்து வந்த குரல் அவருடையது இல்லை.

"நான்தான் சொன்னேன்ல, நல்லா வந்திருக்கு. இன்னொரு வாய் ஊத்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிந்தாமல் ஊற்றினாள். உள்ளே அந்த நாக்கு சப்புக்கொட்டியது. பிறகு இடம் போதாமல் புரண்டு, அவருடைய நாக்கை மடித்து, தொண்டைக்குள் மெல்ல மெல்லத் தள்ளத் தொடங்கியது.