துரைக்குப் பதிலாகப் போன சேவல்

காலைக் கட்டிவிட்டால் எந்தச் சேவலும் நொண்டாது. இந்த உண்மையை எப்சிபா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எப்சிபா ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சங்கரன்கோவிலில், விசைத்தறிகள் நாள் முழுக்கத் தடதடக்கிற ஒரு தெருவில் அவள் வீடு. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறாள். தம்பி யாபேசுக்கு ஐந்து வயது.

அந்த வீட்டில் இரண்டு சேவல்கள் இருந்தன. இரண்டும் ஒரே கோழியின் குஞ்சுகள், இரண்டும் செவலை நிறம். ஒன்றின் பெயர் துரை. எப்சிபா கூப்பிட்டால் ஓடி வரும். அவள் உள்ளங்கையிலிருந்து கம்பு கொத்தித் தின்னும். அவளுடைய சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து தெருவையே அதிகாரம் பண்ணும். மற்றதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. குஞ்சாக இருந்தபோது அதன் காலில் ஒரு பைக் ஏறிவிட்டது. அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடக்கும்.

போன ஐப்பசியில் யாபேசுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, பிழைத்து வந்தான். அதற்காக அம்மா ஒரு பொருத்தனை செய்திருந்தாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல சேவலை ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொடுப்பதாகக் கடவுளிடம் நேர்ந்துகொண்டாள்.

ஸ்தோத்திரப் பண்டிகை என்பது ஆலயத்தில் நன்றி சொல்லும் நாள். வயலில் விளைந்ததிலும் வீட்டில் வளர்ந்ததிலும் நல்லதாகப் பார்த்து எடுத்து வருவார்கள். பூசணிக்காய் வரும், வாழைத்தார் வரும், ஆட்டுக்குட்டியும் வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

"எப்சி, துரையப் பிடிச்சிக் காலைக் கட்டிக் கூடையில வையிட்டி. நான் தம்பியக் குளிப்பாட்டுதேன்" என்றாள் அம்மா.

"சரிம்மா."

எப்சிபா துரையைத் தூக்கினாள். அது அவள் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. பிடிப்பதற்கு அது ஓடக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பக்கத்தில் பெயரில்லாத சேவல் விந்தி விந்தி வந்து நின்றது. இரண்டும் ஒரே நிறம்தானே? இரண்டும் கொக்கரக்கோ என்றுதானே கூவுகின்றன? கடவுளுக்கு எத்தனையோ வேலை, இதையா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்?

துரை கூண்டுக்குள் போனது. பெயரில்லாத சேவல் கால் கட்டப்பட்டுக் கூடைக்குள் போனது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அம்மா திறந்து பார்க்கவே இல்லை. மகள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆலயம் நிறைய ஆட்கள். எப்சிபா முன்வரிசையில் மாட்டிக்கொண்டாள். போதகரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் வேதாகமத்தைத் திறந்து வாசித்தார். அந்தக் காலத்தில் மக்கள் கால் ஊனமான ஆட்டையும் கண் தெரியாத மாட்டையும் பார்த்துப் பார்த்துப் பலி கொடுக்கக் கொண்டுவந்தார்களாம். "இதை உங்கள் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்களேன், அவர் வாங்குவாரா?" என்று கடவுள் அவர்களைக் கேட்டாராம்.

எப்சிபாவின் காது இரண்டும் சூடாகின. அவ்வளவு பெரிய வேதாகமத்தில் ஐயருக்கு இன்றைக்கு இந்தப் பக்கம்தானா அகப்பட வேண்டும்? பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தன் முதுகையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் பாதிப் பேர் பசியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏலம் தொடங்கியது. பூ மார்க்கெட்டில் பூ கட்டும் முத்துமாரியம்மாளும் வந்திருந்தாள். அவள் ஆலயத்தைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் வருஷம் தவறாமல் ஏலத்துக்கு வருவாள்.

"செவலைச் சேவல், ஒரு தரம்!"

"எனக்குத்தான்!" என்று முத்துமாரியம்மாள் விலையை ஏற்றிக்கொண்டே போனாள். "வேதக்கோயில் சேவலுன்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். நல்லதாப் பாத்துல்லா கொண்டாருவாங்க. எங்கிட்ட ஆறு பெட்டைக்கோழி நிக்கி, இதைச் சேத்து விடணும்."

"ரெண்டு தரம்! மூணு தரம்!"

கால் கட்டிய சேவல் அவள் கைக்குப் போனது. எப்சிபாவுக்குக் கண் கலங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அழாதட்டி" என்று சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும், அது ஒன் செல்லம். அப்படியும் மனசாரக் குடுத்தியே. நீ என் தங்கம்லா!"

பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்று இருந்தது எப்சிபாவுக்கு. பூமி பிளக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குத்தான் மணி அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை வந்தது. வீட்டில் மிச்சமிருப்பது நொண்டிச் சேவல் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் துரை நொண்ட வேண்டும். எப்சிபா ஒரு துணியைக் கிழித்து துரையின் காலில் கட்டினாள்.

"விந்தி நட, துரை" என்று கெஞ்சினாள்.

துரை நெஞ்சை நிமிர்த்தி, முன்னைவிட மிடுக்காக நடந்தது. காலில் கட்டிய துணியை ஏதோ பதக்கம் என்று நினைத்துக்கொண்டது போலும்.

"ஏட்டி, இது துரைலா?"

சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஜஸீமா. எப்சிபாவின் வகுப்புத்தான்.

"சத்தம் போடாதட்டி" என்று எப்சிபா அவளை உள்ளே இழுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஜஸீமா கண்ணை விரித்துக் கேட்டாள்.

"நொண்டிச் சேவலையா குடுத்த? ஆவாதே!" என்றாள். "போன பெருநாளுக்கு எங்க வாப்பா சவூதியிலேருந்து வந்து குர்பானி குடுக்க ஆடு வாங்கப் போனாங்க. நல்ல கொழுத்த ஆடு. நடக்க விட்டுப் பாத்தா தெளிவா நொண்டுது. வேண்டாம்னுட்டு வந்துட்டாங்க. குறை உள்ளதக் குடுக்கக் கூடாதுலா."

"நீயும் எங்க ஐயரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்று எப்சிபா சீறினாள். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஜஸீமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை யாபேஸ் எழுந்திருக்கவில்லை. எப்சிபா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேவலுக்காகத்தானே கடவுள் தம்பியைப் பிழைக்கவைத்தார்? சேவலில் ஏமாற்றியாகிவிட்டது. இப்போது கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாரோ?

"அம்மா! யாபேசுக்குக் காய்ச்சல்! என்னாலதாம்மா!"

"ஒன்னால என்னட்டி? நேத்துப் பண்டிகையில மூணு ஐஸ் தின்னான், ஒன்னு எனக்குத் தெரிஞ்சு, ரெண்டு தெரியாம."

"இல்லம்மா. நான் துரையக் குடுக்கல. நொண்டியக் குடுத்துட்டேன்."

அம்மா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நேற்று எல்லார் முன்னாலும் தங்கம் என்று கொஞ்சிய மகளை வெகுநேரம் பார்த்தாள். எப்சிபாவால் அந்தப் பார்வையைப் பார்க்க முடியவில்லை.

"நான் எப்ப அந்தச் சேவலை நேர்ந்தேன், தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கும்போது. அவன் பொழச்சா குடுக்கேன்னு."

"இல்ல மக்கா. ஆஸ்பத்திரியில எனக்கு எதுவுமே தோணல, அழ மட்டுந்தான் செஞ்சேன். அவன் வீட்டுக்கு வந்து, எனக்குச் சோறு போடும்மான்னு கேட்டான் பாரு, அன்னைக்கு நேர்ந்தேன். ஆண்டவரு பிள்ளையச் சும்மாதான் தந்தாரு. சேவலு அதுக்கு வெல இல்லட்டி. எனக்கிருந்த சந்தோசத்துக்கு."

எப்சிபா மூக்கை உறிஞ்சினாள். "அப்போ அவனுக்குக் காய்ச்சல் கூடாதா?"

"கூடுனா டாக்டர்கிட்டப் போவோம். இப்ப அந்த மாத்திரைய எடு."

மாத்திரையை விழுங்கிவிட்டு யாபேஸ், "இன்னைக்கு ஐஸ் உண்டா?" என்று கேட்டான். எப்சிபாவுக்கு மூச்சு திரும்ப வந்தது.

ஆனால் பயம் போனதும் வெட்கம் மட்டும் தனியாக நின்றது. அது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றாளே முத்துமாரியம்மாள்! நேற்று வீட்டுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்?

"நான் போயி அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வரட்டா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. நானே போறேன்."

துரையைக் கூடையில் வைத்துக்கொண்டு எப்சிபா நடந்தாள். பள்ளிச் சீருடையோடு ஜஸீமாவும் கூடவே வந்தாள். "நான் ஒண்ணும் பேச மாட்டேன், சும்மா நிப்பேன்" என்று அவள் சொன்னது பெரிய உதவியாக இருந்தது.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் முத்துமாரியம்மாளின் வீடு. வாசலில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கோழிகள் நடுவே பெயரில்லாத சேவல் விந்திக்கொண்டிருந்தது. அதன் காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது.

"பெரியம்மா, இந்தச் சேவல்..." என்று தொடங்கினாள் எப்சிபா.

"அதுவா? வேதக்கோயில் ஏலத்துல எடுத்தேன் தாயி. காலு சரியில்ல. எங்க வீட்டுக்காரரு திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"யாரோ இல்லாத வீட்டுக்காரங்க போல. வீட்டுல இது ஒண்ணுதான் இருந்துருக்கும், அதையும் சாமிக்குக் குடுத்துட்டாங்க. நான் கொண்டு போயித் திருப்பிக் குடுத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இது திட்டைவிட மோசமாக இருந்தது. எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாங்க இல்லாத வீடு இல்ல பெரியம்மா. எங்ககிட்ட நல்ல சேவல் இருந்துச்சு. அத மறைச்சு வச்சிட்டு நான்தான் இதக் கட்டிக் கூடையில வச்சேன். எங்க அம்மாவுக்கு அப்பத் தெரியாது."

முத்துமாரியம்மாளின் விரல்கள் நாரோடு நின்றுவிட்டன. பிறகு கூடையைத் திறந்து பார்த்தாள். துரை வெளியே வந்ததும் வராததுமாக எப்சிபாவின் அக்குளுக்குள் தலையை நுழைத்தது.

"ஓ, இப்படியா சங்கதி!" என்று முத்துமாரியம்மாள் சிரித்தாள். "சரி, வந்து சொல்லிட்டல்லா. அதோட போச்சு. கோழிக்கு ஏது நொண்டிச் சேவல், நல்ல சேவல்? இதுவும் கூவத்தான் செய்யுது. ரெண்டுல ஒனக்கு எது வேணுமோ எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நெசமாவா பெரியம்மா?"

"பூ மேல ஆணை. எடுத்துட்டு நேரத்தோட பள்ளிக்கூடம் போங்க."

எப்சிபா துரையை இறுக்கிக்கொண்டாள். இனி யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. தம்பிக்கும் ஒன்றும் ஆகாது. முத்துமாரியம்மாளும் மன்னித்துவிட்டாள். துரையோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் போன மாதம் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பித்து அவள் பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருந்தாள். கடவுள் உலகத்தின் மேல் வைத்த அன்பினால் தம்முடைய ஒரே மகனைக் கொடுத்தார் என்பது அந்த வசனம். கொடுத்தார் என்று சொல்ல அவளுக்கு அரை நொடிகூட ஆகவில்லை. இப்போது துரையின் நெஞ்சு அவள் விலாவில் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடுக்கும்போது இப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஒரு சேவலுக்கே இப்படி இருக்கிறதே என்று நினைத்தாள்.

அவள் குனிந்து துரையை முற்றத்தில் விட்டாள்.

"இதையே வச்சுக்கோங்க பெரியம்மா. கம்பு குடுத்தா ஆசையாத் திங்கும். துரைன்னு கூப்பிட்டா வரும்."

பெயரில்லாத சேவலைத் தூக்கிக் கூடையில் வைத்தாள். அதன் காலை அவள் கட்டவில்லை.

திரும்பும் வழியில் ஜஸீமா வெகுதூரம் வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அவங்கதான் எடுத்துக்கச் சொன்னாங்கல்லா? நானா இருந்தா துரையத் தூக்கிட்டு ஓடியாந்துருப்பேன். ஏன்ட்டி விட்டுட்டு வந்த?"

எப்சிபா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நேத்து நான் குடுக்கலட்டி. இன்னைக்குத்தான் குடுத்தேன்" என்றாள்.

அழுகை இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஆலயத்து வாசலைக் கடக்கும்போது அவள் தலையைக் குனியவில்லை.