வாடை இல்லாத தண்ணீர்

ஏரி வற்றி அடிவயிறு தெரியக் கிடந்தது. ஆனால் அதிலிருந்து எடுத்து வந்த தண்ணீருக்கு வாடையே இல்லை.

மூக்கர் குடுவையை இன்னொரு தரம் சூடாக்கி, மூடியை நீக்கி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். பாசி வாடை வரவேண்டும், சேற்று வாடை வரவேண்டும், இந்த வறட்சியில் செத்த மீன் வாடையாவது வந்து தொலைக்கவேண்டும். ஒன்றுமில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. மனசுக்குள் ஏதோ நெருடியது. ஆனாலும் பலகையில் ‘சரி’ என்று எழுதினார். பல வாரங்களாக அதைத்தான் எழுதிவருகிறார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர், முகர்வதுதான் வேலை. அவர் மூக்கு சந்தேகப்பட்டால்தான் தண்ணீர் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். இல்லையென்றால் நேராக ஊருக்குப் போகும். இரண்டு பேர் முகர்ந்து பார்க்கவேண்டும் என்பது விதி. இன்னொருத்தர் மாற்றலாகிப் போனதோடு சரி, இதோ அனுப்புகிறோம் அதோ அனுப்புகிறோம் என்று மேலிடம் இழுத்தடித்தது. அதனால் நிலையத்திலும் அவர் ஒருத்தர்தான், பக்கத்துக் குவார்ட்டர்ஸிலும் அவர் ஒருத்தர்தான். ஏரித் தண்ணீரில் குளித்து, ஏரித் தண்ணீரில் சமைத்து, சாப்பிடும்போது பேச ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தனிமை அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதை மறைக்கவும் அங்கே யாரும் இல்லை.

இன்றைக்கு மட்டும் கால் தரையில் நிற்கவில்லை. பிரிந்து போன மனைவி ஒருவழியாக மனமிறங்கி, விடுமுறைக்கு மகளை அனுப்பச் சம்மதித்திருந்தாள். அந்த ஏரிக்கரையில் என்ன தண்ணீரோ என்னவோ என்று அவள் இழுத்தபோது, நான் முகர்ந்து பார்க்காத ஒரு சொட்டு கூட வெளியே போகாது என்று இவர் அடித்துச் சொல்லியிருந்தார். சாயங்கால பஸ்ஸில் குட்டி வருகிறாள். எதிர்க்கரையில் இறங்குவாள்.

குளோரின் கொண்டுவந்த லாரி டிரைவர் சிலிண்டர்களை வெளியிலேயே இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசலில் நின்றார். முகத்தில் கைக்குட்டை. மூக்கர் உள்ளே வரச் சொன்னார். அவர் தலையாட்டி மறுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நனைஞ்ச ஆட்டு வாடை வருது. போன தடவையும் வந்துச்சு.”

“எங்கிருந்து? ரூம்லயா?”

“உங்க மேல சார்.”

லாரி போனதும் மூக்கர் தன் கையை முகர்ந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை.

நாலைந்து குடுவை முகர்ந்ததும் யாருக்கும் மூக்கு மரத்துப்போகும். அதைத் தெளியவைக்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. முழங்கையின் உள்மடிப்பில் மூக்கைப் புதைத்துத் தன் தோலையே முகரவேண்டும். தன் வாடை தனக்குத் தெரியாது. அதனால் அதுதான் பூஜ்யம். அங்கிருந்துதான் கணக்கு. அந்தப் பூஜ்யமே ஏரியில் ஊறிப்போயிருந்தால்?

வெளியூரில் வாங்கிவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று சீல் உடையாமல் இருந்தது. அதை ஊற்றி, தோல் சிவக்க சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். ஜன்னலோரம் காற்றாட நின்றார். கழுவிய கையை முகர்ந்தார். பிறகு குடுவையை முகர்ந்தார்.

வாடை வந்தது. ஈரக் கம்பளி. கந்தகம். அதற்கும் கீழே, பயந்துபோன மிருகத்தின் மூத்திரம்.

அணை கட்டி ஏரி வருவதற்கு முன்னால் இது ஆட்டுப் பண்ணை என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லியிருந்தார்கள். உண்ணி சாக, நீளமான சிமெண்ட் தொட்டியில் பாஷாணப் பொடியைக் கரைத்து, ஆடுகளை வரிசையாக ஒரு முனையில் இறக்கி மறு முனையில் ஏற்றுவார்களாம். அணை கட்டியபோது தொட்டியை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அதான் தண்ணீர் வரப்போகிறதே, எல்லாம் கரைந்துபோகும் என்றார்களாம். கரைந்துதான் போயிருக்கிறது. ஏரி நிறைந்திருந்தவரை தெரியவில்லை. இப்போது வற்றிச் சுண்டிவிட்டது.

ஓடிப்போய் ஊருக்குப் போகும் வால்வை மூடினார். மகளின் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, குட்டியை அனுப்பாதே என்றார்.

“பஸ் ஏறி எவ்வளவோ நேரமாச்சு,” என்றாள் அவள். “தண்ணி பாட்டில்கூட எடுத்துட்டுப் போகல. அங்க தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.”

மகளை இங்கே ஒரு வாய் குடிக்கவிடக் கூடாது. அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடவேண்டும். ரோட்டைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று வெடித்துக் கிடந்த ஏரிப் படுகையிலேயே இறங்கினார். பொழுது சாய்ந்து, நடுவில் தேங்கி நின்ற குட்டைகளிலிருந்து பனிமூட்டம் எழும்பி நாலாபக்கமும் பரவ, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோனது. காலடியில் சேற்று ஓடுகள் நொறுங்கின. தான் நின்ற பிறகும் அவை நொறுங்குகிற சத்தம் கேட்டது.

குளம்புகள். நிறைய.

பக்கத்தில் எதுவோ மனிதன் மாதிரி இருமியது. ஈரமான மயிர் புறங்கையை உரசிக்கொண்டு போனது. அவர் கையை இழுத்துக்கொண்டார். மறு கையையும் உரசியது. மூட்டத்துக்குள் முதுகுகள் தெரிந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். கம்பளி வாடைதான் உள்ளே போனது.

விலகி நடக்கத்தான் பார்த்தார். கூட்டம் நகர்த்திக்கொண்டே போனது. கால் சிமெண்டில் பட்டது.

தொட்டி. விளிம்புவரை கருப்புத் தண்ணீர்.

விளிம்பில் ஓர் ஆள் நிற்க ஒரு படி இருந்தது. அவர் அதில் நின்றுகொண்டிருந்தார். கையில் நுனி கவட்டையாகப் பிரிந்த நீளமான கோல். எப்போது எடுத்தார்? தெரியவில்லை. கீழே போட நினைத்தார். விரல் பிரியவில்லை.

முதல் ஆடு இறங்கியது. கோல் தானாகத் தாழ்ந்து அதன் பிடரியில் பதிந்து அழுத்தியது. தலை முங்கவேண்டும். முங்கினால்தான் மருந்து சேரும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தோளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது. மூன்றாவது. வாரக்கணக்காகச் செய்து பழகிய கை.

வேண்டாம் என்று கத்தினார். சத்தம் வரவில்லை.

அடுத்தது. அடுத்தது.

அதற்கடுத்ததன் முதுகில் பை தொங்கியது. இரட்டைப் பின்னல். மார்பளவு தண்ணீரில் வரிசை மாறாமல் நடந்து வந்து, படிக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தாள். உதடு வறண்டிருந்தது. இவ்வளவு நாள் கழித்துப் பார்த்த சந்தோஷம் முகமெல்லாம்.

“அப்பா, தாகமா இருக்கு. இதக் குடிக்கலாமாப்பா?”

அவர் பதில் சொல்வதற்குள் கோல் தாழ்ந்து, இரண்டு பின்னலுக்கும் நடுவே, மெதுவாகப் பதிந்தது.