இருட்டில் ஓட்டை

அன்று மாலை தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் திருமேனிநாதர், அவர் மகள் மங்கையர்க்கரசி, அவளை நிச்சயம் செய்ய வந்த அருணகிரி, அவன் தாய் கோமளவல்லி. அழைக்காமலே மதிலுக்கு மேல் தலையை நீட்டியவர் பக்கத்து வீட்டுக் குற்றாலிங்கம். வேறு யாரும் இல்லை. முதலில் தட்டு மாற்றிக்கொள்வது, ஊரைப் பிறகு அழைப்பது என்று ஏற்பாடு.

நாட்காட்டியில் கோடை, கடிகாரத்தில் மாலை; வழக்கப்படி திருமேனிநாதர் தோட்டத்தில் இருள்விளக்குகளை ஏற்றினார். அந்தக் கிரகத்தில் சூரியன் மறைவதில்லை. மலைக்குப் பின்னால் அப்படியே நிற்கும். வானம் எந்நேரமும் வெளுத்திருக்கும். குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இரவு என்பது கடையில் வாங்கும் பொருள். இருள்விளக்குகள் என்பவை காற்றில் சிதறிக் கிடக்கும் வெளிச்சத்தை உறிஞ்சும் கண்ணாடி உருண்டைகள். ஒன்றைக் கிளையில் தொங்கவிட்டால் அடியில் ஒரு பாய் அளவு இருள் விழும். சரம் சரமாகக் கட்டினால்தான் விசேஷ வீடு. எவர் வீட்டு இருள் அடர்த்தியோ அவர் வீட்டுக்கே மரியாதை.

திருமேனிநாதர் வீட்டு இருளைப் பற்றி அதுவரை எவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

"இருட்டு கொஞ்சம் சாயம் போன மாதிரி இருக்கே, அண்ணாச்சி," என்றார் குற்றாலிங்கம். "எங்க வீட்டுல ரெண்டு சரம் சும்மாதான் கெடக்கு. அனுப்பட்டுமா?"

சம்பந்தியாக வரப்போகிறவர் முன்னால் இப்படி ஒரு பேச்சு! பேசத் தகுந்தவர்களோடுதான் திருமேனிநாதர் பேசுவார். எழுந்து போய், எவரும் திருப்பத் துணியாத எல்லைவரை இருள்விளக்குகளின் விசையைத் திருப்பினார். இருள் மரங்களைத் தாண்டி, மாடியைத் தாண்டி, காற்று முடியும் உயரம்வரை ஏறியது. தட்டில் இருந்த வெற்றிலைகூடத் தெரியவில்லை. அப்படி ஓர் இருளை அந்த ஊர் கண்டதில்லை.

பிறகு அதில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் தலைக்கு மேல் முழுவதும் சல்லடை.

"ஓட்டை," என்றது மதில்மேல் குரல், மிகுந்த நிம்மதியோடு.

கோமளவல்லி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இருட்டே ஓட்டையாக இருக்கும் வீட்டில் பெண் எடுத்துவிட்டுச் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். தட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டார். திருமேனிநாதர் இருட்டில் தடவித் தட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குடும்பத்துப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் எவரும் தட்டோடு திரும்பிப் போனதில்லை.

மங்கையர்க்கரசி சரக்குக் கலம் ஓட்டுகிறவள். காற்று மண்டலத்துக்கு வெளியே போய் வந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

"அது ஓட்டை இல்லப்பா. நட்சத்திரம். கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க, அவரு பாக்கட்டும்."

அருணகிரி அண்ணாந்தபடி நின்றான். தாய் கூப்பிட்டது அவன் காதில் விழவே இல்லை.

கோமளவல்லி யோசித்தார். "நட்சத்திரப் பொருத்தம் எல்லாம் பாத்து, அமோகமா இருக்குன்னு சொன்ன பிறகுதானே வந்தோம். இப்ப எதுக்கு அதுக நேர்ல வந்து நிக்கணும்? நல்லா இல்ல. ஒரு வெளிச்சத்தப் போடுங்க, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லில் திருமேனிநாதருக்கு உயிர் திரும்பியது. இருளைக் குறைப்பது கௌரவக் குறைவு என்பதால், தன் பண்ணையில் பயிருக்கு வெளிச்சம் காட்டும் பெருவிளக்குகள் அத்தனையையும் இழுத்து வந்து வானத்தை நோக்கி நிறுத்தினார். கண் கூசும் அந்த வெளிச்சத்தில் ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. தட்டு மாறியது.

திருமேனிநாதர் வீட்டு இருட்டில் ஓட்டை இருந்ததாகக் குற்றாலிங்கம் இன்றும் சொல்லித் திரிகிறார். அது பொய். ஓட்டை எதுவும் இல்லை. அவை வெறும் நட்சத்திரங்கள். அவற்றுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.