பின்னால் வருகிறவன்

காட்டை விட்டு வெளியே வந்தபோது மழை இன்னும் வலுத்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. றிம்சான் கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்தபடி லொறியை உருட்டிக்கொண்டிருந்தான். பின்னால் கல்முனைக் கடைகளுக்கான வெங்காயமும் சீனியும். பக்கத்தில் அவன் மனைவி ஆதிலாவின் தம்பி நிப்றாஸ். கட்டாரில் பல வருஷம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, இந்த மாதம்தான் மச்சானோடு லொறியில் ஏறியிருந்தான்.

நிப்றாஸ் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"மச்சான், கோமாரியில றோட்டுக்கு மேலால தண்ணி போகுதாம். லொறி ஒண்டையும் விடுறாங்க இல்லயாம். விடியட்டும் எண்டுறாங்க."

றிம்சான் வேகத்தைக் குறைத்தான்.

"அந்தா ஒரு கடை இரிக்கி. கொட்டிலும் இரிக்கி. அதுல நிப்பாட்டு."

அந்தக் கடை அங்கே இருக்கிறது என்று றிம்சானுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு வருஷமாக அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். இன்றைக்கு வேறு வழியில்லை. லொறியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினான். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

கடை பூட்டிக் கிடந்தது. முன்கொட்டிலில் டிரைவர்மார் படுக்கிற பலகைகள் போட்டபடியே இருந்தன. இடது பக்கம் சமையல் நடக்கிற குசினியின் கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு. கரண்ட் இணைப்பை வெட்டி வெகு நாளாகியிருந்தது. பலகையில் பூஞ்சணம் பிடித்த வாசனை. அதற்குள்ளே மெல்லியதாக இன்னொரு வாசனை. றிம்சான் அதை மூக்குக்குள் எடுத்துக்கொள்ளப் பயந்து வாயால் மூச்சு விட்டான்.

கொச்சிக்காய்க் காரத்தோடு கொதிக்கிற மீன் குழம்பின், மீன் ஆணத்தின், வாசனை அது.

"ஆருட கடை இது?" என்றான் நிப்றாஸ், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"எங்களோட லொறி ஓடின ஸஜாத்ட உம்மாட கடை. சுல்பிகா மாமி."

கல்முனைப் பக்கத்து லொறிக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் கடைகளில்தான் வந்து நிற்கும். ஒலுவில் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றக் காத்துக் கிடக்கும்போதும் இதே வழக்குத்தான். எந்தக் கடையில் றொட்டி மெது, எந்தக் கடையில் மூட்டைப்பூச்சி ஆளையே தூக்கிக்கொண்டு போகும், எந்த முதலாளி கக்கூஸ் சாவியைத் தங்கம் மாதிரி மடியில் முடிந்து வைத்திருப்பார் என்று மணிக்கணக்காக இழுபடும். சுல்பிகாவின் கடைக்கு வந்ததும் வழக்குத் தீர்ந்துவிடும். எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. இப்போது ஒரு வருஷமாக அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. யாராவது வாய் தவறி எடுத்துவிட்டால், எல்லோரும் எழும்பிப் போய் டயருக்குக் காற்றுப் பார்ப்பார்கள்.

சுல்பிகாவின் சமையல் நல்லதுதான். ஆனால் டிரைவர்மார் அங்கே நின்றது அதற்காக மட்டுமில்லை. காட்டிலிருந்து வருகிற எந்த லொறிக்காரன் கொட்டிலில் ஏறினாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "பின்னால ஆரு வாற?" இன்னார் என்று சொன்னால் அந்த ஆளுக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பாள். அவன் வந்து சாப்பிடும்வரை அடுப்பை அணைக்க மாட்டாள். யானை மறித்து நின்றவனுக்கும் டயர் வெடித்துக் கிடந்தவனுக்கும் அந்தச் சோற்றின் நினைப்புத்தான் தைரியம். மனைவிமாரே இப்படிக் காத்திருக்க மாட்டார்கள் என்று மீராசாஹிபு காக்கா சிரித்துக்கொண்டு சொல்வார். கல்முனை டிரைவர்மாரில் மூத்தவர் அவர்தான்.

"ஸஜாத் காட்டுக்குள்ள மௌத்தானது தெரியும்தானே?" என்றான் றிம்சான். "யானை மறிச்சிச்சி, லொறிய வெட்டித் திருப்பினவன், அது பிரண்டு உசிரு போயிட்டு."

"ஓம். கட்டாருல இருக்கக்குள்ள கேள்விப்பட்டன். மறுகா உம்மாவும் மௌத்தாம் எண்டாங்க."

"அவக்கிட்ட நாங்க சொல்லல்ல."

நிப்றாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தக் கிழமதான் அவக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்தா. அதிர்ச்சி ஒண்டும் குடுக்கப்படாது எண்டு டொக்டர் சொல்லிட்டாரு. கொஞ்சம் தேறட்டும், மறுகா சொல்லுவம் எண்டு மீராசாஹிபு காக்கா சொன்னாரு. எங்களுக்கும் அதுதான் சரியாப் பட்டிச்சி. சாய்ந்தமருதுல நாங்க ஜனாஸா அடக்கிட்டு வந்தம். அவ இஞ்ச இருந்து, வாற ஆக்கள்கிட்டயெல்லாம் கேட்டா."

"நீங்க?"

"பின்னால வாறான் எண்டம்."

ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். மொனராகலையில் சாமான் ஏற்றுகிறான், பின்னால் வருகிறான். பிறேக் திருத்துகிறான், பின்னால் வருகிறான். அவள் சந்தோஷமாகச் சோற்றை மூடி வைப்பாள். ஒரு கிழமைகூட அது நீளவில்லை. ஆறிப்போன ஆணத்தை மகனுக்குச் சூடாக்க எழும்பிப் போனவள், அடுப்படியிலேயே விழுந்து கிடந்தாள்.

"பாவம்" என்றான் நிப்றாஸ்.

"பாவம் அது மட்டுமில்ல மச்சான். அவனுக்கு ஊரே கையேந்தி துஆ கேட்டிச்சி. பெத்த தாய் கேட்கல்ல. அவன் உசிரும் ஹயாத்துமா இரிக்கான் எண்டு நெனச்சித்தான் அவ போனா. அந்தத் துஆவ நாங்க அவனுக்குக் கிடைக்காமப் பண்ணிட்டம்."

 ஸஜாத்தும் றிம்சானும் ஒரே நாளில் லைசன்ஸ் எடுத்தவர்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரமாகியிருந்தது. கூரையிலிருந்து கொட்டிய தண்ணீரில் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்தார்கள். பலகையைத் துடைத்துத் துண்டை விரித்தார்கள். றிம்சான் தொழுவிக்க, நிப்றாஸ் அவனுக்கு வலது பக்கத்தில் நின்றான். இடது பக்கம் பூட்டிய குசினிக் கதவு.

பாத்திஹாவை ஓதி முடித்தான்.

"ஆமீன்" என்றான் நிப்றாஸ்.

அவனுக்குச் சற்றுப் பிந்தி, மெல்லிய குரலில், இன்னொரு ஆமீன் கேட்டது.

றிம்சானின் நாக்கு அடுத்த சூறாவை மறந்துவிட்டது. மழைதான், தகரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த சூறா ஒன்றை ஓதினான். இரண்டாவது றக்அத்திலும் இரண்டு ஆமீன். ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது பலகைக்கு அடியில் சூடு தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வருகிற சூடு அது. தொழுகையை முறித்துக்கொண்டு ஓட அவனுக்கு மனம் வரவில்லை. எப்படியோ கடைசி இருப்புக்கு வந்து வலது பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுத்தான். நிப்றாஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

இடது பக்கம் திருப்பினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ்."

கதவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

 கதவின் கீழ் இடுக்கில் தணல் மாதிரி ஒரு சிவப்பு தெரிந்தது. உள்ளே கரண்டி சட்டியில் ஒருமுறை தட்டுப்பட்டது. செருப்புத் தேய்கிற சத்தம் கதவருகே வந்து நின்றது.

"பின்னால ஆரு வாற?"

நிப்றாஸ் மச்சானின் கையைப் பிடித்தான். "கதைக்காத" என்றான், காற்றே இல்லாத குரலில். "லொறிக்குப் போவம்."

"ஒருத்தரும் இல்ல மாமி" என்று றிம்சானின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

உள்ளே செருப்பு இன்னும் ஒரு அடி முன்னால் தேய்ந்தது.

"ஸஜாத்?"

அந்தக் குரலில் கோபமில்லை, மிரட்டலில்லை. இருந்திருந்தால் றிம்சான் எழும்பி ஓடியிருப்பான். ஒரு வருஷமாக அடுப்பை அணைக்காமல் இருப்பவளின் களைப்புத்தான் இருந்தது. பின்னால் வருகிறான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் திரும்பிப் போய்விடுவாள். ஆணத்தை மறுபடி சூடாக்குவாள். நாளைக்கும் சூடாக்குவாள். அந்தச் சொல் அவன் உதட்டில் தயாராகவே இருந்தது.

றிம்சான் அதை விழுங்கினான்.

"மாமி, நான் றிம்சான். ஸஜாத் வரமாட்டான் மாமி."

றிம்சான் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அவன் மௌத்தாகிட்டான். காட்டுக்குள்ள, யானை மறிச்ச இடத்துல. உங்களுக்கு ஏலாம இருந்த, அதால நாங்க ஒளிச்சம். குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, தொழுவிச்சி, சாய்ந்தமருது மையவாடியில அடக்கினம். நானும் குழிக்குள்ள இறங்கினன். எல்லாம் முறையாச் செஞ்சம் மாமி. உங்களுக்குச் சொல்றத மட்டும்தான் செய்யல்ல."

உள்ளே ஏதோ நிலத்தில் விழுந்து உருண்டது.

பிறகு அவள் அழுதாள். மையித்து வீட்டில் பெற்றவள் அழுகிற அழுகை அது. அன்றைக்கு ஸஜாத்தின் வீட்டில் கேட்டிருக்க வேண்டியது, இங்கே வெறும் கொட்டிலில் இரண்டு ஆண்களுக்குக் கேட்டது. நிப்றாஸின் பயம் எங்கே போனதோ தெரியவில்லை, அவனும் தேம்பத் தொடங்கினான்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்" என்று மௌத்துச் செய்திக்குச் சொல்கிற வாசகத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்க வெகு நேரம் எடுத்தது.

பின்னர் கதவோடு வாயை வைத்துக் கேட்பதுபோல் மிக அருகில் கேட்டாள்:

"புள்ள சாப்பிட்டுட்டா போன?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எந்த மனுஷனும் சொல்லியிருப்பான். றிம்சானுக்கு இனி அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல மாமி. மொனராகலையில நாங்க எல்லாரும் சாப்பிட்டம். அவன் வெறும் பிளேன்டி மட்டும் குடிச்சான். உம்மா ஆணம் வெச்சிரிப்பா எண்டான்."

 உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு முணுமுணுப்பாகத் துஆ தொடங்கியது. யா அல்லாஹ், என் பிள்ளையின் கபுறுக் குழியை விசாலமாக்கு, அவனுக்கு வெளிச்சம் கொடு, அவன் பிழைகளைப் பொறுத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் வெளியே இருந்த இருவரும் ஆமீன் சொன்னார்கள். கதவின் கீழிருந்த சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஆமீன் சொன்னபோது அங்கே இருட்டுத்தான் இருந்தது. பலகையின் சூடும் போய்விட்டது. ஆண வாசனை இருந்த இடத்தில் எலிப் புழுக்கை நாறியது.

அடுப்பு அணைந்துவிட்டது. இருவரும் லொறிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேசாமல் விடியலுக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளம் வடிந்ததும் புறப்பட்டார்கள். றிம்சானுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மீராசாஹிபு காக்காவிடம் சொல்ல வேண்டும், எல்லோரும் இனி அந்தக் கடையைப் பற்றி வாய் திறந்து பேசலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினான். நிப்றாஸ் பாலமுனையில் கலியாணம் முடித்தவன். பெண் வீட்டு வாசலிலேயே அவனை இறக்கிவிட்டான். "துஆ கிடைச்சிட்டுதானே மச்சான்" என்று நிப்றாஸ் றிம்சானின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சாய்ந்தமருதில் வீட்டு வளவுக்குள் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது நன்றாக விடிந்திருந்தது. றிம்சான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஆதிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து லொறியைப் பார்த்தாள்.

"தம்பி ஏன் எறங்காம இரிக்கான்?"

"நிப்றாஸா? அவன பாலமுனையில எறக்கிட்டன்தானே."

"அப்ப லொறிக்குள்ள குந்திக்கிட்டு இரிக்கிறது ஆரு?"

றிம்சான் திரும்பவில்லை. கையிலிருந்த வாளியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"தலையக் குனிஞ்சிக்கிட்டு இரிக்காரு" என்றாள் ஆதிலா. "முழுக்க நனைஞ்சி போய்... ஆருகா அது? கூட்டிக்கிட்டு வந்த ஆள உள்ளுக்குக் கூப்பிடாம நிக்கீங்க."

அவனுக்கு இப்போது விளங்கியது. தாய்க்குச் சொன்னார்கள். தான் மௌத்தாகிவிட்டான் என்று மகனுக்கு யார் சொன்னது? அவன் அந்தக் காட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டேதான் இருந்திருக்கிறான். நேற்று வந்து சேர்ந்தபோது உம்மாவின் அடுப்பு அணைந்து கிடந்திருக்கிறது. கடை வாசலில் நின்ற ஒரே லொறியில் ஏறியிருக்கிறான்.

 றிம்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆதிலா, ஆணம் ஏதும் இரிக்கா?"

"ராவு வெச்ச மீன் ஆணம் இரிக்கி."

"சூடாக்கு. ஒரு கோப்பையில சோறு போடு."

"ஆருக்கு?"

"பசியோட வந்திரிக்கான்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு வந்ததும் றிம்சான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி நடந்தான். லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து ஆவி பிடித்திருந்தது. யாரும் தெரியவில்லை.

"ஸஜாத்" என்று கூப்பிட்டான்.

இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.