பங்குனி மாதத்துச் சாரல்

எங்கள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதாத ஒரே ஆள் ஜெபமலர்தான். "ஏட்டி பேச்சித்தாய், அடுத்து என்ன போட்டிருக்கு?" என்று என் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் ஏசுவடியான் சார் பிடித்துவிட்டார். "காப்பியா அடிக்கே? போ கடைசி பெஞ்சுக்கு!"

அடுத்த கணக்குப் பரீட்சையில் அவளுக்கு ஐம்பதுக்கு மூன்று. "வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அதுலயும் இப்படின்னா திரும்ப இதே கிளாஸ்தான்" என்றார் சார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெபமலர் அழுதாள். "பெயிலானா பள்ளிக்கூடம் வேண்டாம், பீடி சுத்துன்னு எங்க அய்யா சொல்லிட்டாவ."

"வாயால கேட்டா டக்குனு கணக்கு சொல்லுதே. போர்டைப் பாத்து எழுத என்னட்டி?"

"அங்கன சாரல் மூடியிருக்குல்லா? எப்படித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குற்றாலத்துச் சாரல் ஆனியில்தான் வரும். இது பங்குனி, மண்டையைப் பிளக்கிற வெயில்!

"தூரத்துல எப்பவும் சாரல்தானே? அந்தா மலை மேலயும் மூடியிருக்கு பாரு. உனக்கும் அப்படித்தானே தெரியுது?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு மலை மரம் மரமாகத் தெரிந்தது. பாவம், எல்லாருக்கும் இப்படித்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்.

அன்று காலையில்தான் சார் ஒளி பாடம் நடத்தியிருந்தார். அட்டையில் துளை போட்டு, மெழுகுவத்திச் சுடரைச் சுவரில் விழவைத்தார். துளை பெரிதானபோது சுடர் கலங்கலாக விழுந்தது. ஊசித்துளையில் தெளிவாக விழுந்தது.

கண்ணுக்கும் இதையே செய்தால்?

கீழே கிடந்த தீப்பெட்டியைக் கிழித்தேன். பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அதில் ஒரு துளை போட்டேன். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதுவழியாப் பாரு."

பார்த்தாள். அட்டையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஏட்டி! மலையில மரம் நிக்கு!" என்று அலறினாள்.

வெள்ளிக்கிழமை சார் பலகையில் கணக்குகளை எழுதி முடித்ததும் ஜெபமலர் அட்டையைக் கண்ணில் வைத்தாள்.

"அங்க என்ன வெளையாட்டு?" சார் பிரம்போடு வந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "வெளையாட்டு இல்ல சார். அவளுக்கு போர்டு தெரியல. ஊசித்துளை வழியாப் பாத்தாத்தான் தெரியுது."

சார் நம்பவில்லை. "அட்டையில்லாம முதல் கணக்கை வாசி" என்றார். ஜெபமலர் கண்ணை இடுக்கினாள், ஒன்றும் வரவில்லை. "இப்ப வச்சுக்கிட்டு வாசி." ஓர் எண்கூடப் பிசகாமல் கடகடவென்று வாசித்தாள்.

சார் பிரம்பை மேசையில் போட்டார். "தப்பு என்னதும்மா. நான் கவனிச்சிருக்கணும். முன்னால வந்து உக்காந்து எழுது. கண்ணாடி போட்டா சரியாயிரும், உங்க அய்யாட்ட நானே வந்து சொல்லுதேன்" என்றார்.

திங்கட்கிழமை மார்க் வந்தது. எனக்கு நாற்பத்தொன்று. ஜெபமலருக்கு நாற்பத்தாறு! எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது நிஜம்.

மறுநாள் காலையில் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏட்டி, ஆறாங்கிளாஸ் புஸ்தகம் யார்ட்ட கிடைக்கும்னு அய்யா கேக்காவ!"

எரிச்சல் எங்கே போனதோ, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே குதித்தேன்.